முப்பத்தெட்டாம் நாள் பக்கம்

இரும்புலியூர் சிக்னலைத் தாண்டி, ஜி.எஸ்.டி. ரோட்டின் சர்வீஸ் சாலையில் ‘ஹெப்சி ஜெராக்ஸ்’ என்று ஒரு கடை இருக்கிறது. எட்டடி அகலம். அதற்குள் இரண்டு ஜெராக்ஸ் மெஷின், ஒரு கம்ப்யூட்டர், கால் ஆடுகிற மேஜைமேல் ஒரு லேமினேஷன் மெஷின், இவற்றுக்கு நடுவே கிடைத்த இடத்தில் முதலாளி அசரியா. முதலாளி என்று கூப்பிட்டால் அவர் திரும்பிப் பார்க்கமாட்டார், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொள்வார். ஆனால் தாம்பரம் வட்டாரத்தில் இருபது வருஷமாக பயாலஜி ரெக்கார்ட் நோட்டு எழுதிய பிள்ளைகளில் பாதிப்பேருக்கு அவரைத் தெரியும். தவளையின் இதயமா, செம்பருத்திப் பூவின் நீள்வெட்டுத் தோற்றமா, நோட்டை நீட்டினால் போதும். பென்சிலைச் சீவி, ஒரே இழுப்பில் போட்டுத் தருவார். ஒரு படத்தைப் பார்த்து இன்னொரு படம், அதைப் பார்த்து மற்றொன்று. மைக்ரோஸ்கோப்பை அவர் எட்ட நின்றுகூடப் பார்த்ததில்லை.

இயல்பிலேயே பயந்த மனிதர். ஷட்டரைப் பூட்டிவிட்டுப் பத்தடி நடந்து, திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். மறுபடி நடந்து, மறுபடி வருவார். மனைவி ஷீலா இதற்காகவே அவரோடு சேர்ந்து கடையிலிருந்து கிளம்புவதில்லை.

இப்படிப்பட்டவர் தலையில் இந்த வருஷம் ஜனவரியில் ஒரு பொறுப்பு வந்து விழுந்தது. மகள் ஹெப்சி பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தாள். பரீட்சை முடிந்து பிளஸ் டூ தொடங்குவதற்கு முன் வரும் கோடையில் உயிரியல் ஆராய்ச்சிப் பயிற்சி ஒன்றில் சேரவேண்டும் என்று நின்றாள். டாக்டராக வேண்டாமாம், பூச்சிகளைப் படிக்கவேண்டுமாம். மெடிக்கல் ஷாப்பில் பில் போடும் ஷீலாவுக்கு இது துளியும் பிடிக்கவில்லை. ஊரே நீட் கோச்சிங்குக்கு ஓடும்போது இவள் மட்டும் பூச்சி பின்னால் ஓடுவதா என்று இரண்டு நாள் பொருமினாள். பிறகு, போகிறதுதான் போகிறாள், பின்னால் நல்ல காலேஜில் இடம் கிடைக்க உதவுகிற இடமாகப் பார்த்துச் சேர்த்துவிடுங்கள் என்று புருஷனிடம் சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். தப்பானால் யார் தலை உருளும் என்பது அசரியாவுக்குத் தெரிந்துபோயிற்று.

விசாரித்ததில் மூன்று தேறின. ஒன்று, வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டரில் படிப்பது. எட்டு வாரத்தில் ஆராய்ச்சிக் கட்டுரையே வெளியாகிவிடும் என்று ஒரு பெண் தினமும் போன் செய்து தேன் ஒழுகப் பேசினாள். இரண்டாவது, சிங்கப்பெருமாள் கோவிலுக்கு அப்பால் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தின் கோடை முகாம். மூன்றாவது, கிண்டிப் பக்கம் ஓர் ஆய்வு நிலையம் நடத்துவது. கட்டணம் கிடையாது. பன்னிரண்டே பேர், அதுவும் மாநிலம் முழுவதற்கும். மாணவர் தானாக ஏதாவது ஓர் உயிரை ஒரு மாதத்துக்குக் குறையாமல் கவனித்து எழுதிய நோட்டை அனுப்பவேண்டும், பிறகு நேர்முகம். மூன்று விளம்பரத் தாளையும் ஜெராக்ஸ் கண்ணாடிமேல் வரிசையாக வைத்து அசரியா பார்த்துக்கொண்டே இருப்பார். கஸ்டமர் வந்தால் எடுப்பார், போனதும் மறுபடி வைப்பார். மண்டை காய்ந்ததுதான் மிச்சம்.

அவருக்கு விடை கொண்டுவந்தவர் கேசவன். ஊரில் பழைய குடும்பம், ஏரிப்பக்கம் நிலபுலன் உள்ளவர். மகன் பிரசன்னா அந்தக் கம்ப்யூட்டர் பயிற்சியில் சேர்ந்து எழுதிய கட்டுரையைக் கலரில் பிரின்ட் எடுக்க வந்திருந்தார்.

“இன்னா அசரியா, பையன் ரிசர்ச் பேப்பர் போட்டுகீறான். நல்ல பேப்பரா பாத்து அடிச்சுக் குடு, ஃப்ரேம் போட்டு வூட்ல மாட்டணும்.”

பிரின்ட் வெளியே வர வர அசரியாவுக்கு எங்கேயோ இடித்தது. நாலாம் பக்கத்தில் நீலக் கட்டைகளாக நின்ற பார் சார்ட் படத்தை அவர் ஏற்கெனவே பார்த்திருக்கிறார். டிசம்பரில் சேலையூரிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்கு அடித்துக் கொடுத்ததிலும் இதே படம், மூன்றாவது கட்டைக்குமேல் இதே எழுத்துப் பிழை. பெயர் மட்டும் வேறு. ஆராய்ச்சி பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் நகல் என்றால் என்ன என்று அவரைவிட யாருக்குத் தெரியும்? கேசவனுக்குக் கலரில் அடித்து உறையில் போட்டுக் கொடுத்தார். முதல் விளம்பரத்தைக் கிழித்துப்போட்டார். இரண்டாவதை ஹெப்சியே கழித்துவிட்டாள். போன் செய்து, அங்கே எந்த உயிரைப் பார்ப்போம் என்று கேட்டாளாம். வெள்ளைக் கோட்டு தருவோம், குரூப் போட்டோ எடுப்போம் என்றார்களாம்.

ஆக, கிண்டிதான். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு முடிவைச் சரியாக எடுத்துவிட்டோம் என்று அசரியாவுக்கு நெஞ்சு நிறைந்தது. அந்த நிறைவு ஒரு ராத்திரிகூடத் தங்கவில்லை. பன்னிரண்டு இடம் என்பது நினைவுக்கு வர, விடியுமுன்பே எழுந்து விளம்பரத் தாளை மறுபடி படித்தார்.

கவனிக்க ஓர் உயிர் தேடி ஹெப்சி எங்கும் போகவில்லை. கடைக்குள்ளேயே ஷட்டர் பெட்டிக்குக் கீழே சுவர் மூலையில் ஒரு குளவி மண் கூடு கட்டத் தொடங்கியிருந்தது. கடைக்கு வந்த பெண்கள், குளவி கூடு கட்டினால் வீட்டில் பிள்ளை பிறக்கும் என்று சொல்லிச் சிரித்தார்கள். நாற்பத்திரண்டு வயது ஷீலா அன்றே துடைப்பத்தை எடுத்துவிட்டாள், ஹெப்சிதான் குறுக்கே நின்று தடுத்தாள். பள்ளிவிட்டு வந்ததும் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிடுவாள். குளவி எத்தனைமுறை மண் கொண்டுவந்தது, எத்தனை சிலந்தியைத் தூக்கிவந்து உள்ளே அடைத்தது, எப்போது கூட்டின் வாயை மூடியது என்று, நாற்பது தாளைச் சேர்த்துப் பின் அடித்த நோட்டு ஒன்றில் எழுதினாள். நாளுக்கு ஒரு தாள், ஒரு பக்கம் மட்டும். ஒன்றையடுத்து ஒன்றாக நாலு அறை எழும்பின. நோட்டைப் பார்த்தால் கண்றாவியாக இருக்கும். அடித்தல், திருத்தல், டீக் கறை, ‘இன்று டியூஷன், பார்க்கவில்லை’, ‘ஐந்தா ஆறா சரியாகத் தெரியவில்லை’. முப்பத்தாறாம் நாள் முதல் அறையிலிருந்து புதுக்குளவி வெளியே வந்தது. முப்பத்தெட்டாம் நாள் பக்கத்தில் இரண்டாவது அறை பற்றி அவசரமாக நாலு வரி கிறுக்கி, ஓரத்தில் ஒரு பெரிய கேள்விக்குறி போட்டிருந்தாள்.

மார்ச் கடைசியில் பரீட்சை நெருங்க, நோட்டை அப்பாவிடம் கொடுத்து, கவரில் போட்டு ஸ்பீட் போஸ்டில் அனுப்பிவிடச் சொன்னாள். தப்பு நடந்தது அங்கேதான்.

மாணவர் தன் கையால் எழுதிய நோட்டை அப்படியே அனுப்பவேண்டும் என்று விண்ணப்பத்தில் இருந்ததை அசரியா படிக்கத்தான் செய்தார். கம்ப்யூட்டரில் அடித்து அனுப்பாதே என்பதற்காக அப்படிப் போட்டிருக்கிறார்கள் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். ரஃப் நோட்டு என்பது வீட்டோடு இருக்கவேண்டியது, மார்க் போட வெளியிலிருந்து வரும் எக்ஸ்டர்னல் கைக்குப் போவது ஃபேர் நோட்டு. இருபது வருஷமாக அவர் கண்ட உலகம் இதுதான். இந்தக் கறையையும் கேள்விக்குறியையும் பார்த்து எவன் இடம் கொடுப்பான்? தூக்கித் தூரப் போடமாட்டானா? பெற்ற மகளுக்கு இதைக்கூடச் செய்யாவிட்டால் நான் என்ன தகப்பன் என்று அவருக்குத் தோன்றியது. அதில் பொய்யே இல்லை, பிரியம் மட்டும்தான் இருந்தது.

மூன்று மத்தியானம், கடையில் கூட்டம் குறையும் நேரமாகப் பார்த்து, நோட்டின் பின்னைக் கழற்றித் தாள்களைப் பரப்பிவைத்துக்கொண்டு எழுதினார். தாமே கட்டங்கட்டிக் கோடு போட்டார். ஐந்தா ஆறா என்று இருந்த இடத்தில் ஆறு என்று போட்டார். பார்க்கவில்லை என்றிருந்த நாளுக்கு முந்தின நாளையும் அடுத்த நாளையும் பார்த்து நடுவாக ஓர் எண் எழுதினார். முப்பத்தெட்டாம் நாளுக்கு வந்ததும் பேனா நின்றது. முதல் அறையில் குளவி வந்தால் இரண்டாவதிலும் குளவிதானே வரும், பிள்ளை மங்கலில் சரியாகப் பார்த்திருக்காது என்று முடிவுகட்டி, ‘குளவி வெளிவந்தது’ என்று எழுதி, எதிர்ப்பக்கத்தில் ஒரு குளவியும் வரைந்தார். சும்மா சொல்லக்கூடாது, இறக்கை நரம்புகூடத் தெரியும்படி அருமையாக வந்தது. மெரூன் ரெக்ஸினில் பைண்ட் செய்து, தங்க எழுத்தில் மகள் பெயரைப் பொறித்து அனுப்பிவைத்தார். அனுப்பியாச்சா டாடி என்று ஹெப்சி கேட்டபோது, ஆச்சு என்று மட்டும் சொன்னார்.

நேர்முகத்துக்கு அழைப்பு வந்தது. பெற்றோரில் ஒருவர் கூட வரவேண்டும் என்றிருந்தது. தன் பைண்டிங்தான் காரியத்தைச் சாதித்தது என்று உள்ளுக்குள் பூரித்தபடி, இஸ்திரி போட்ட சட்டையோடு அசரியா மகளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். எதிரே ஹேமாவதி மேடம், அந்தப் பயிற்சியை நடத்துகிறவர், ஐம்பது வயதிருக்கும். மெரூன் புத்தகத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். ஹெப்சி அதை அப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறாள்.

“இது உன் கையெழுத்தாம்மா?”

ஹெப்சி தங்க எழுத்தைப் பார்த்தாள். அப்பாவை ஒரு தடவை பார்த்தாள். “ஆமா மேம்” என்றாள்.

அசரியா மகளைத் திரும்பிப் பார்த்தார். தனக்காகத் தன் பெண் பொய் சொல்கிறாள். ஞாயிறு பள்ளியில் வசனம் ஒப்பிக்கும்போது ஒரு சொல் மாறினாலும் தானே சொல்லித் திருத்திக்கொள்கிற பெண் அவள்.

மேடம் நிதானமாகப் பக்கங்களைப் புரட்டினார். “ரொம்ப அழகா இருக்கு. நாப்பது நாள்ல ஒரு அடித்தல்கூட இல்ல.” அது பாராட்டு இல்லை என்பது அசரியாவுக்கே புரிந்தது. குளவிப் படம் இருந்த இடத்தில் நிறுத்தி, புத்தகத்தை ஹெப்சி பக்கம் திருப்பிவைத்தார். “முப்பத்தெட்டாம் நாள். ரெண்டாவது அறையிலேர்ந்து என்ன வந்துச்சு, நீயே சொல்லு.”

குளவியின் படம் ஹெப்சியைப் பார்த்துக்கொண்டு கிடந்தது. அதைப் படித்துச் சொன்னால் போதும், தகப்பன் மானமும் தப்பும், இடமும் கிடைக்கலாம். சொல்லிவிடு கண்ணு என்று அசரியா மனசுக்குள் கெஞ்சினார். அடுத்த கணமே, சொல்லிவிடாதே என்றும் கெஞ்சினார். இரண்டில் எதைக் கர்த்தர் கேட்டாரோ தெரியாது.

“பச்சையா ஒரு பூச்சி மேம். குளவி இல்ல, அதவிடச் சின்னது. வெயில்ல மின்னுச்சு. அது என்னன்னு எனக்குத் தெரியல.”

“ஆனா இங்க குளவின்னு எழுதிப் படமும் போட்டிருக்கே?”

ஹெப்சி புத்தகத்தை மூடிவைத்தாள். அப்பாவுக்காகக் கையெழுத்தில் பொய் சொல்ல அவளால் முடிந்தது, பூச்சியில் முடியவில்லை.

“மேடம், அது என் கை” என்றார் அசரியா. குரல் அவருக்கே கேட்கவில்லை, மறுபடி சொன்னார். “முழு புக்கும் நான் எழுதினதுங்க. புள்ளைக்குத் தெரியாது. அவ எழுதினது அழுக்கா இருந்துச்சேன்னு நான்தான்...”

அந்த அழுக்கு நோட்டு எங்கே என்று மேடம் கேட்டார். கடையில், பழைய பேப்பர் பெட்டியில் போட்டேன் என்று சொல்லும்போது அசரியாவுக்கு அழுகை வந்துவிட்டது. மேடம் திட்டவில்லை. நாலு மணிவரை இருப்போம் என்று மட்டும் சொன்னார். அப்போது மணி பன்னிரண்டரை.

ஹெப்சியை வராந்தா பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு ஓடினார். கிண்டி ஸ்டேஷனில் ரயில் ஏறியதும்தான் அன்றைக்கு மூன்றாம் சனிக்கிழமை என்பது உறைத்தது. பழைய பேப்பர்காரர் மாதத்துக்கு ஒருமுறை வருகிற நாள். ஷீலா அன்று லீவு போட்டுக் கடையில் இருந்தாள். போன் செய்தால் அடித்துக்கொண்டே இருக்கிறது, எடுக்கவில்லை. பரங்கிமலை, பழவந்தாங்கல், மீனம்பாக்கம் என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் செய்தார். வண்டி நிற்கிற அரை நிமிஷம் அரை மணியாகத் தெரிந்தது. தாம்பரத்தில் இறங்கி ஷேர் ஆட்டோவில் தொற்றிக்கொண்டு கடை வாசலில் குதித்தபோது, ஷீலா கூட்டத்துக்கு நடுவே ஆதார் கார்டு ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தாள். பேப்பர்காரர் இன்னும் வரவில்லை. அசரியாவுக்குப் போன உயிர் திரும்பியது.

கஸ்டமர்கள் வேடிக்கை பார்க்க, பெட்டியைத் தலைகீழாகக் கொட்டித் தரையில் உட்கார்ந்து பொறுக்கினார். முப்பத்தொன்பது தாள் கிடைத்தன. முப்பத்தெட்டாம் நாளைக் காணோம். ஷீலா விஷயத்தைக் கேட்டுவிட்டு ஒரு வார்த்தை திட்டவில்லை, அதுவே அவருக்கு இன்னும் பயமாக இருந்தது. கூட்டத்தை நிற்கச் சொல்லிவிட்டு அவளும் குனிந்து தேடினாள். கடைசியில் அவள் கண்ணில்தான் பட்டது. லேமினேஷன் மேஜையின் கால் ஆடாமலிருக்க, எட்டாக மடித்து அடியில் சொருகியிருந்த தாள் அது. சொருகியவர் யார் என்று கேட்கவேண்டிய அவசியமே இல்லை.

மூன்றே முக்காலுக்கு அவர் திரும்பி வந்தபோது ஹெப்சி அதே பெஞ்சில் இருந்தாள். தாள்களை வாங்கி நாள்வாரியாக அடுக்கினாள். முப்பத்தெட்டை விரித்துத் தொடைமேல் வைத்து உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்து நிமிர்த்தினாள். மடிப்பு போகவில்லை. அப்படியே எடுத்துக்கொண்டு தனியாக உள்ளே போனாள். இருபது நிமிஷம் கழித்து வந்தாள். என்ன சொன்னார்கள் என்று கேட்க அவருக்குத் தைரியம் இல்லை.

ரயில் பல்லாவரம் தாண்டும்வரை அவள் ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நான் கண்ணால பாத்தத ஏன் டாடி மாத்துனீங்க?”

கோபம் முற்றினால்தான் அவளுக்கு ‘நீங்க’ வரும்.

“தப்பா இருந்தா மார்க் போயிடுமேன்னு...”

“தப்பு இல்ல டாடி. அது நெஜமாவே பச்ச பூச்சிதான்.” பிறகு அவளே சொன்னாள். அப்படி ஒரு ஜாதி இருக்கிறதாம். குளவி பாடுபட்டுக் கட்டி வைத்த கூட்டுக்குள் தன் முட்டையைக் கொண்டுபோய் வைத்துவிடுமாம். குளவிக் குஞ்சுக்கு உள்ளதையெல்லாம் அதன் குஞ்சு தின்று வளர்ந்து வெளியே வருமாம். மேடம் சொன்னார்களாம். அசரியாவுக்கு அது தன்னையே சொன்னதுபோல் இருந்தது.

முடிவு மே ஒன்பதாம் தேதி வரும் என்றார்கள். இருபது நாள். அந்த இருபது நாளும் அசரியா பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. போன் மணி அடித்தால் பாய்ந்து எடுப்பார், அடிக்காவிட்டால் போன் கெட்டுப்போயிற்றோ என்று தட்டிப் பார்ப்பார். ரெக்கார்ட் படம் கேட்டு வந்த இரண்டு பிள்ளைகளைக் கண் வலி என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்.

கூட்டில் மூன்றாவது அறையும் திறந்துவிட்டிருந்தது. அதில் குளவிதான் வந்தது. நாலாவது மட்டும் மூடியே கிடந்தது. பிளஸ் டூவுக்கு ஸ்பெஷல் கிளாஸ் தொடங்கிவிட, பகல் முழுக்க ஹெப்சி பள்ளியில். நேர்முகம் முடிந்த இரண்டாம் நாள் காலை கிளம்பும்போது புதுநோட்டு ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தாள்.

“நான் வர வரைக்கும் நாலாவதப் பாத்து எழுதி வை டாடி.”

அவளுக்கு மறுபடி ‘நீ’ வந்துவிட்டதை அசரியா கவனித்தார். ஸ்டூலைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். ஒரு பொருளை நேரில் பார்த்து எழுதுவது அவருக்கு அதுவே முதல்தடவை, எவ்வளவு சிரமம் என்று அப்போதுதான் தெரிந்தது. முதல் நாள் ‘வரவில்லை’. இரண்டாம் நாள் ‘வரவில்லை’. பத்து நாள் அதையே எழுதியபோது அவருக்கு வெட்கமாக இருந்தது, பக்கம் மொட்டையாகத் தெரிந்தது. ஒரு கீறல் விழுந்ததாகவாவது எழுதலாமா என்று கை அரித்தது. கூட்டில் கீறல் இல்லை. எழுதவில்லை.

மே ஒன்பது காலை பத்து மணிக்குப் போன் கிணுகிணுத்து ஒரு மெசேஜ் வந்தது. பன்னிரண்டு பெயர், அகர வரிசையில். கடைசிக்கு முந்தின பெயர் ஹெப்சி அசரியா. கீழே ஒரு வரி: நாற்பது தாள்களையும் முதல் நாள் கையோடு கொண்டுவரவும், பைண்ட் செய்யவேண்டாம்.

அசரியா சுவரில் சாய்ந்துகொண்டார். மூக்குக்கண்ணாடி மங்கிவிட்டது, துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார். பள்ளிக்குப் போன் செய்தார், ஷீலாவுக்குப் போன் செய்தார், ஏ-ஃபோர் பேப்பர் வாங்க வந்த முன்பின் தெரியாத ஆளிடம்கூடச் சொன்னார். அந்த மாதிரி நாளில் நாலாவது அறையும் திறந்து, இறக்கை முளைத்து ஏதாவது ஒன்று பறந்து வந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! நிமிர்ந்து கூட்டைப் பார்த்தார். ஸ்டூல்மேல் ஏறி நின்று, கிட்டே போய்ப் பார்த்தார்.

இறங்கிவந்து நோட்டை எடுத்தார். தேதி போட்டார், நேரம் போட்டார். அழகுபடுத்தாமல், கை வந்தபடி எழுதினார்: ‘நாலாவது அறை. இன்றும் ஒன்றும் வரவில்லை.’